போகவர பெட்ரோல் கணக்கில் காற்று சமமாகிவிடுமா?

பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே ஜைரோபிளேனில் (தலைக்குமேல் காற்றால் தானே சுழலும் விசிறி கொண்ட சிறு விமானம்) போய்த் திரும்பினால், எதிர்காற்றில் இழப்பது திரும்பும்போது பின்காற்றில் கிடைத்துவிடும், காற்றில்லாத நாளின் பெட்ரோலே போதும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சரியல்ல நண்பரே, மொத்தத்தில் கூடுதலாகவே செலவாகும்.

எதிர்காற்றில் நாம் இருக்கும் நேரம் அதிகம், பின்காற்றில் குறைவு. அதுதான் விஷயம். ஒரு பக்கம் 60 கி.மீ., காற்றைப் பொறுத்து வண்டியின் வேகம் மணிக்கு 100 கி.மீ., மேற்கிலிருந்து காற்று 40 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்த வேகம், போகும்போது 60, திரும்பும்போது 140. போக 60 நிமிடம், திரும்ப ஏறக்குறைய 26, ஆக 86. காற்றே இல்லாவிட்டால் 72தான். மணிக்கு 18 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால் 4 லிட்டருக்கு மேல் கூடுதல். அரை மணி நேரக் கையிருப்பாக வைத்த 9 லிட்டரில் கிட்டத்தட்ட பாதி அதிலேயே போய்விடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கணவாயில் மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று கஞ்சிக்கோட்டிலும் உடுமலையிலும் நிற்கும் காற்றாலைகளே சொல்லும்.

என்னை நம்ப வேண்டாம், போன் கால்குலேட்டரில் தூரத்தைத் தரைவேகத்தால் வகுத்துப் பாருங்கள். அப்புறம் காற்றை 100 என்று போட்டுப் பாருங்கள்: போய்ச் சேரவே முடியாது, பின்காற்று எதை ஈடுகட்டும்? பறப்பவர்கள் காற்றைப் பொறுத்த வேகத்தைக் காட்டும் வேகமானியையும் ஜிபிஎஸ் காட்டும் தரைவேகத்தையும் ஒப்பிட்டாலே அன்றைய வித்தியாசம் தெரிந்துவிடும்.