பாக்கியம் அக்காவின் கழிப்புக் கணக்கு

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். ஏழு பேர்ச் காணியில் நிற்கும் வீட்டின் பின்சுவரோடு ஒட்டிப் பத்தி இறக்கி, பாக்கியம் அக்கா ஒரு குசினி கட்டப் போகிறார். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. கல் எத்தனை என்று சொல்ல மேசன் வேலை செய்யும் சிவலிங்கம் பாஸ் வந்திருக்கிறார். நல்ல வேலைக்காரர். அளவு நாடா அவர் பையில் எப்போதும் இருக்கும், பையை விட்டு வெளியே வந்ததாகத்தான் யாரும் சொல்வதில்லை.

பாஸ்: (ஒரு கண்ணை மூடி இடத்தைப் பார்த்து) அக்கா, 500 கல் எடுத்துவிடுங்கள்.

அக்கா: எந்தக் கல் தம்பி?

பாஸ்: பிளாக் கல்தான். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 4 அங்குல கனம்.

அக்கா: 500 எப்படி வந்தது?

பாஸ்: அனுபவம்.

அக்கா: அந்த அனுபவத்துக்கு நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு?

பாஸ்: (பெருமூச்சு விட்டு) சரி, சொல்கிறேன். 12, 10, 12, 10. சுற்றி 44 அடி. உயரம் 9 அடி. பெருக்கினால் 396 சதுர அடி. 100 சதுர அடிக்கு 113 கல் பிடிக்கும். ஆக 450 வருகிறது. உடைசலுக்கு ஒரு 50.

அக்கா: (வீட்டின் பின்சுவரைத் தட்டி) இது என்ன?

பாஸ்: உங்கள் வீட்டுச் சுவர்.

அக்கா: நிற்கிறதா, இனிமேல்தான் எழுப்ப வேண்டுமா?

பாஸ்: நிற்கிறது.

அக்கா: நிற்கிற சுவருக்கு எதற்குக் கல்? குளிருகிறது என்று போர்த்திவிடப் போகிறாயா?

பாஸ்: சும்மா ஒரு பாதுகாப்புக்குச் சேர்த்தேன்.

அக்கா: 12க்கு 9, 108 சதுர அடி பாதுகாப்பு. அதைக் கழி. 288. பத்திக்குத் தகரம் எப்படிப் போடுவாய், மட்டமாகவா?

பாஸ்: அதெப்படி? இங்கே பெய்கிற மழைக்குச் சரிவு வேண்டாமா? வீட்டுப் பக்கம் 9 அடி, வெளிப்பக்கம் 7 அடி.

அக்கா: ஆனால் கணக்கில் மட்டும் எல்லாப் பக்கமும் 9.

பாஸ்: (மௌனம்)

அக்கா: வெளிச்சுவர் 12க்கு 7, 84. பக்கச் சுவர் ஒரு முனையில் 9, மறுமுனையில் 7. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 8. 10க்கு 8, 80. அப்படி இரண்டு சுவர், 160. மொத்தம் 244.

பாஸ்: சரி, 244.

அக்கா: வாசல் வைப்பாயா? இல்லை, நான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கித்தான் சமைக்க வேண்டுமா?

பாஸ்: ஐயோ, வாசல் 3க்கு 7, 21. ஜன்னல் 3க்கு 3, 9. நானே கழித்துவிட்டேன், பாருங்கள். 214 சதுர அடி! அக்கா, இந்தக் கழிப்பெல்லாம் எங்கே படித்தீர்கள்?

அக்கா: கொழுந்து நிறுக்கிற இடத்தில். சாக்குக்கு ஒரு கழிப்பு, தண்ணீருக்கு ஒரு கழிப்பு, முற்றல் இலைக்கு ஒரு கழிப்பு. காலமெல்லாம் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவளுக்குக் கழிக்கத் தெரியாதா?

பாஸ்: தெரியும் தெரியும். 214க்கு 242 கல். நிம்மதியா?

அக்கா: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து எவ்வளவு வைப்பாய்?

பாஸ்: (ஓரடி பின்வாங்கி) அரை அங்குலம்.

அக்கா: சாந்தும் இடத்தைப் பிடிக்குமே. நீ சொன்ன 113, சாந்தையும் சேர்த்து 16க்கு 8 வருகிற கல்லுக்கு. ஹட்டன் கடைக் கல்லை என் பேரன் அளந்து பார்த்தான். சாந்து இல்லாமலே 16க்கு 8 இருக்கிறது. அப்படியானால் பதினாறரைக்கு எட்டரை என்றுதானே போட வேண்டும்? 100 சதுர அடிக்கு 103 கல் போதும். 214க்கு 220.

பாஸ்: அக்கா, இதற்கு மேல் கழித்தால் குசினியே இருக்காது.

அக்கா: உடைசலுக்கு எவ்வளவு என்று நியாயமாகச் சொல். கேட்கிறேன்.

பாஸ்: (இங்கே பாஸ் நிமிர்கிறார். இது அவருடைய ஊர்.) லொறி ஹட்டனில் இருந்து நோர்வூட் தாண்டி வளைந்து வளைந்து வர வேண்டும். அதிலே சில கல் போகும். தெருவில் இறக்கினால் இங்கே வரைக்கும் தூக்க வேண்டும். அதிலே சில போகும். தகரம் சரிவாகப் போவதால் பக்கச் சுவரில் மேல் வரிசைக் கல்லைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுகிறபோது நேராக உடைவது ஒன்று, கோபித்துக்கொண்டு உடைவது ஒன்று. வாசல் ஓரத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைக் கல் வேறு வரும்.

அக்கா: அந்த அரைக் கல்லின் மறுபாதி எங்கே போகும்?

பாஸ்: ஜன்னல் ஓரத்துக்கு.

அக்கா: அப்போது அது சேதாரம் இல்லை. கொழுந்து குறைந்த நாளில் அரைச் சம்பளத்துக்கு அரைப் பேர் வாங்கியே வளர்ந்தவள் தம்பி நான், அரைக் கல்லை ஏமாற்றாதே. மற்றதெல்லாம் நியாயம். 20 வைத்துக்கொள். 240.

பாஸ்: 300 ஆக எடுத்தால் மிஞ்சுவது எதற்காவது உதவும் அக்கா.

அக்கா: உதவும். உன் கோழிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் சாம்பல் கல், ஒரு பக்கம் கறுப்புக் கல், பின்னால் செங்கல். யார் யார் வீட்டில் மிஞ்சியது என்று கோழிக்கே தெரியும்.

பாஸ்: (அவசரமாக) 240! எழுதிக்கொள்ளுங்கள், 240.

அக்கா: எழுதியாயிற்று. மணல்?

பாஸ்: கல் கட்ட, பூச, தரை போட எல்லாவற்றுக்கும் ஒரு கியூப்.

அக்கா: ஒரு கியூப் என்றால் 100 கன அடி, இல்லையா? (காதில் சொருகியிருந்த பென்சிலை எடுக்கிறார்)

பாஸ்: அரைக் கியூப் அக்கா.

அக்கா: நான் இன்னும் கணக்கே போடவில்லையே.

பாஸ்: வேண்டாம். பென்சிலைக் கீழே வையுங்கள். சீமெந்து எத்தனை மூடை என்று நாளைக்கு வீட்டில் அளந்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

அக்கா: குசினி இங்கே இருக்கிறது. உன் வீட்டில் எதை அளப்பாய்?

பாஸ்: (பையில் இருந்து நாடாவை இழுத்துக்கொண்டே) அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள் அக்கா.