அரைக் கட்டை

2025 மார்ச்சில் மும்பைக்கு வந்த ‘தி பாண்டம் ஆஃப் தி ஓபரா’ என்ற ஆங்கில இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு என் தங்கை மகன் நள்ளிரவில் போன் செய்தான். அங்கேதான் வேலை பார்க்கிறான். “மாமா, கூரையிலிருந்து சரவிளக்கு இறங்கி விழுகிறது மாமா” என்றான். டிக்கெட் விலையையும் சொன்னான். அந்தப் பணத்தில் எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்துக்கு ஒரு நல்ல பபூனை, அதாவது கோமாளியை, அமர்த்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. “இந்த மாதிரி மியூசிக்கல் நம்மிடம் இல்லையே மாமா” என்று முடித்தான். அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தாமதமாகிவிட்டது. ஆனால் நடுவில் சில நாடகங்கள் பார்த்துவிட்டதால் இப்போது பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலில் வைகாசியில் பார்த்ததைச் சொல்கிறேன். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். அம்மன் கோயில் திருவிழா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலம். ஆண்கள் எல்லாரும் கரையில் இருக்கிறார்கள், தூக்கம் கெட்டால் மறுநாள் கேட்பார் இல்லை. நாடகம் வைக்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. வைத்தது ‘வள்ளி திருமணம்’. வேறென்ன வைப்பார்கள்!

இந்த வகைக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. நாரதர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், வள்ளி மதுரையிலிருந்து, கதாநாயகனாக வருகிற ராஜபார்ட் காரைக்குடிப் பக்கமிருந்து. தனித்தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் அன்றிரவு மேடையில் பிறந்து அன்றிரவே போய்விடும்.

அன்று ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முந்தைய இரவு வேறு ஊரில் விடிய விடியப் பாடிவிட்டு வந்தவர். ‘காயாத கானகத்தே’ எடுத்தார். மேலே போனதும் குரல் நூலாக இழைந்து அறுந்தது. அது பழைய நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிப் புகழ் பெற்ற பாட்டு. அவர் 1933-இல் 27 வயதில் இறந்துபோனார். அவர் வைத்துவிட்டுப் போன உயரத்தை இன்னும் ஒவ்வொரு ராஜபார்ட்டும் எட்டித் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. முன்வரிசைப் பாட்டி ஒருத்தி ‘ப்ச்’ என்றாள். பிறகு வசனம் வந்தது. வசனம் முடிந்து விருத்தம் தொடங்கியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆர்மோனியப் பெட்டியின் சுருதி அரைக் கட்டை கீழே வந்திருந்தது!

நான் சின்ன வயதில் இரண்டு வருடம் பெட்டி பழகியவன். ஒன்றும் வரவில்லை, காது மட்டும் மிஞ்சியது. அதனால்தான் தெரிந்தது. ராஜபார்ட் பெட்டிக்காரர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. பாடுகிறவர் நின்றால் பெட்டியும் நிற்க வேண்டும், அவர் இழுத்தால் பின்னாலேயே போக வேண்டும், மூச்சு வாங்கினால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கடற்காற்றில் படுதா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, மைக்கில் காற்று ஊதிக்கொண்டிருந்தது. இருவரும் எதையும் சட்டை செய்யவில்லை.

அடுத்து நாரதர்–வள்ளி தர்க்கம். பரண் மேல் நின்று தினைப்புனம் காக்கிற பெண்ணிடம் நாரதர் வந்து வாயைக் கொடுக்கிற இடம்.

“யாருக்கு வலை வீச வந்தீர் சுவாமி?” என்றாள் வள்ளி.

“தடைக்காலம் தாயே, வலை கரையில் காய்கிறது” என்றார் நாரதர். ஆண்கள் பக்கம் விசில்.

“காய்ந்ததைச் சுருட்டியே வையும். நான் மான் வயிற்றில் பிறந்தவள். மீனுக்குத் தடை 61 நாள், மானுக்குத் தடை வருடம் முழுக்க.”

பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. நாரதர் உண்மையாகவே திணறினார். டோலக்காரர் இரண்டு தட்டுத் தட்டி அவருக்கு மூச்சு விட நேரம் கொடுத்தார். “வன இலாகாவிலும் ஆள் வைத்திருக்கிறாயா?” என்று ஒருவழியாகக் கரையேறினார்.

மருமகன் சொல்லித்தான் ‘ஹாமில்டன்’ படப்பதிவையும் பார்த்தேன். அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சரைப் பற்றி 2015-இல் மேடையேறிய நாடகம். மூன்று முறை பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. அமைச்சரவையில் ஹாமில்டனும் ஜெபர்சனும் கடன் விவகாரத்தில் ராப் பாட்டால் மோதிக்கொள்கிறார்கள், நடுவே ஜார்ஜ் வாஷிங்டன் நின்று மட்டுறுத்துகிறார். அட, நம் தர்க்கம்! எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். எதுகையும் வேகமும் அசத்துகின்றன. ஆனால் அங்கே ஜெபர்சன் திணறமாட்டார். திணறவேண்டும் என்று எழுதியிருந்தால்தான் திணறுவார். அதில் குற்றம் ஒன்றுமில்லை, அது வேறு வித்தை. எனக்கு ஆசை திணறுகிற நாரதர் மேல்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றை மருமகன் கவனிக்கவில்லை. நியூயார்க்கில் ‘பாண்டம்’ 1988 முதல் 2023 வரை 13,981 முறை நடந்திருக்கிறது. விளக்கு விழ இயந்திரம், படகு நகர இயந்திரம். ஆனால் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் 27 பேர் உட்கார்ந்து நிஜமாகவே வாசித்தார்கள். அவ்வளவு இயந்திரம் வைத்திருக்கிறவன் பாட்டை மட்டும் இயந்திரத்திடம் கொடுக்கவில்லை. நாம் என்ன செய்கிறோம்? மார்கழியில் சென்னையில் ஒரு சபாவில் சரித்திர நாடகம் பார்த்தேன். கன்னத்தில் ஒட்டிய மைக், பின்னால் எல்.இ.டி. திரையில் கோட்டை, பாட்டெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்தது. மன்னர் உருகுகிறார், உதடு அரை நொடி தாமதமாக உருகுகிறது. கேன்டீன் காபி நன்றாக இருந்தது.

பெரிய வெள்ளியன்று ஒரு தீவில், மாதா கோயிலில் பார்த்த பாஸ்கா நாடகமும் (ஏசுவின் பாடுகளை நடிப்பது) இதே வகைதான். வசனம் முழுவதும் பதிவு. நடிப்பவர்கள் வாயசைக்க வேண்டும். குற்றம் சொல்ல மனம் வரவில்லை. நடித்தவர்கள் எல்லாரும் படகில் போகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள். பிலாத்து கை கழுவுகிற இடத்தில் பென் டிரைவ் மக்கர் செய்துவிட்டது. பிலாத்து வாயைத் திறந்தபடி நிற்கிறார், சத்தம் இல்லை. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. அந்த மனிதர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார், கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், தன் சொந்தத் தொண்டையால் பேசினார். காற்றுக்கு எதிரே கத்திக் கத்திக் கரகரத்த குரல். “இவனிடம் நான் ஒரு குற்றமும் காணவில்லை.” சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மூன்று நிமிடம் இருக்கும். அதற்குள் பதிவு சரியாகி, யாரோ ஒருவரின் வழவழப்பான குரல் மறுபடி வந்து அவர் வாயில் ஏறிக்கொண்டது. முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று அறிவித்தார்கள்.

நவீன நாடகக்காரர்கள் மேல் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை என்ற ஊரின் தெருக்கூத்துக் கலைஞர்களிடம் போய்க் கற்றார்கள். அதனால் தமிழ் நாடகத்துக்கு நன்மைதான். ஆனால் வேரைத் தேடியவர்களின் கண் வடக்கே தெருக்கூத்தில் நின்றது போல் தெற்கே இந்த மேடையில் நிற்கவில்லை. காரணம் எனக்குப் புரிகிறது. பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த படுதா, வெள்ளைக்காரன் ஊர்ப் பெட்டி, பபூனின் பச்சைப் பேச்சு. தொன்மை என்று சொல்லிக்கொள்ள வசதிப்படாது. அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் வேறு. கமகம், அதாவது ஸ்வரங்களை வளைத்து அசைப்பது, அதில் பிடிபடாது என்று அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை வெளியே நிறுத்தி, முப்பது ஆண்டுக்கு மேல் உள்ளே விடவில்லை. அந்தக் காலத்திலும் எங்கள் பொட்டல்களில் இரவு முழுக்கப் பெட்டி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

எல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. பபூனும் டான்ஸ் பெண்ணும் வருகிற முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு என் மகளை அழைத்துப்போக எனக்குத் துணிவில்லை. அந்தப் பெண்ணை மேடையில் பேசுகிற பேச்சு பல இரவுகளில் சிரிக்கக்கூடியதாக இல்லை. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பாதியில் நிறுத்தி, இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு ரூபாய் 101 என்று வாசிக்கிறார்களே, அவர்களுக்குத் தனியாக ஒரு நரகம் வேண்டும். இப்போது சில ஊர்களில் பெட்டிக்குப் பதிலாகக் கீபோர்டு வைத்து, தாளத்தையும் அதிலேயே ஓடவிடுகிறார்கள். அது ஓடத் தொடங்கிவிட்டால் நாரதர் திணறக்கூட முடியாது.

விடிந்தபின் பெட்டிக்காரரிடம் போனேன். அடியில் துணி விரித்து ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். “அரைக் கட்டை இறக்கினீர்களே அண்ணே, அவர் சாடைகூடக் காட்டவில்லையே?” என்று கேட்டேன்.

“காட்டினாரே. வசனத்தில் ‘நெடுந்தூரம் நடந்து களைத்து வந்தேன் பெண்ணே’ என்று ஒரு வரி கூடப் போட்டார், கவனித்தீர்களா? அது வள்ளிக்குச் சொன்னதில்லை, எனக்குச் சொன்னது” என்றார். பிறகு தேவகோட்டைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அன்றிரவு அவருக்கு வேறு ஊரில் ‘பவளக்கொடி’. அர்ச்சுனனாக வரப்போகிறவர் யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

மருமகனே, அடுத்த வைகாசிக்கு ஒரு வாரம் விடுப்பு எடு. டிக்கெட் கிடையாது. பாய் நான் கொண்டுவருகிறேன், நீ பபூன் போனபிறகு எழுப்பிவிடு.