டிஸ்க்கில் வாங்கினாலும் கேம் உங்களுடையது ஆகிவிடாது

நேற்று ராத்திரி நம் கேம் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ஒரு தம்பி, "டிஸ்க் வாங்கட்டுமா, டவுன்லோட் வாங்கட்டுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். பாதிப் பேர் "இந்தக் காலத்துல டிஸ்க்கா?" என்று சிரித்தார்கள். மீதிப் பேர் "டிஸ்க் வாங்குப்பா, அதுதான் காலத்துக்கும் நிக்கும், தி க்ரூவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல" என்று அடித்துச் சொன்னார்கள். அந்தக் கேலியைக்கூட விட்டுவிடலாம். இரண்டாவது பதில்தான் மனசை உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் தப்பான தகவலைத் தைரியமாகச் சொல்லி, புதிதாக வந்த ஒருவனை அனுப்பிவைத்தார்கள்.

தி க்ரூ ஒரு கார் பந்தய கேம். அதற்கு என்ன நடந்தது? யூபிசாஃப்ட் என்ற கம்பெனி அதை 2014 டிசம்பரில் வெளியிட்டது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தியது. 2024 மார்ச் 31-ல், கேம் இணையம் வழியே சார்ந்திருந்த சர்வரை அணைத்தது. அதற்கடுத்த வாரங்களில் வாங்கியவர்களின் லைப்ரரியிலிருந்து உரிமத்தையும் எடுத்தது. டிஸ்க் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்களா? இல்லை. டிஸ்க் சுழலும், இன்ஸ்டால் ஆகும், சர்வரைத் தேடும், அங்கேயே நின்றுவிடும். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை தனி ஆளாகக் காரோட்டும் ஆட்டத்துக்கும் சர்வர் கட்டாயம் என்று கட்டியிருந்தார்கள். அப்புறம் டிஸ்க் என்ன செய்யும்?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். யாரிடமும் அனுமதி கேட்காமல் இந்த கேம் ஓடுமா? ஓடினால் டிஸ்க்காக இருந்தாலும் சரி, டவுன்லோடாக இருந்தாலும் சரி, அது உங்களுடையது. ஓடாவிட்டால் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வாடகை.

கணினியில் இந்தச் சண்டை முடிந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. 2004-ல் ஹாஃப்-லைஃப் 2 பெட்டியில் வந்தபோதே ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் கணக்குத் தொடங்கி ஆக்டிவேட் செய்யாமல் ஆட முடியாது. பெட்டியில் வரும் கீ (ரகசிய எண்) ஒரு கணக்கில் ஏறிவிட்டால் அந்த டிஸ்க்கை இன்னொருவருக்கு விற்றுப் பயனில்லை. 2015-ல் ஜிடிஏ 5 கணினிப் பதிப்பு ஏழு டிவிடிகளில் வந்தது. ஏழையும் மாற்றி மாற்றிப் போட்டு இன்ஸ்டால் செய்த பிறகும் கேமை வெளியிட்ட ராக்ஸ்டாரின் கணக்கில் ஆன்லைன் ஆக்டிவேஷன் வேண்டும். அதே வருஷம் மெட்டல் கியர் சாலிட் 5 கணினி டிஸ்க்கில் இருந்தது ஸ்டீம் இன்ஸ்டாலர் மட்டும், சுமார் 8 எம்பி. கேமே அதில் இல்லை.

பூட்டு டிஸ்க்கிலேயே இருந்தாலும் இதே கதைதான். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல கேம்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற காப்புப் பூட்டு இருந்தது. பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் 2015-ல் விண்டோஸ் 10-இல் அந்தப் பூட்டு இயங்கத் தேவையான டிரைவர் மென்பொருளையே சேர்க்கவில்லை. கீறல் ஒன்றுகூட இல்லாத அசல் டிஸ்க் இன்றைய கணினியில் அசையாது.

பிளேஸ்டேஷன் (பிஎஸ்), எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச் போன்ற கன்சோல்களில் நிலைமை கொஞ்சம் மேல், ஆனால் கேமுக்கு கேம் மாறும். பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்குப் பல டிஸ்க்குகளில் வந்தது, கேம் உள்ளேயே இருக்கிறது. சைபர்பங்க் 2077 ஸ்விட்ச் 2-க்கு 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் முழுதாக வந்தது. மாடர்ன் வார்ஃபேர் 2-இன் 2022 பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்ததோ சுமார் 70 எம்பி. ஸ்விட்ச் 2-இல் கேம்-கீ கார்டு என்று ஒன்று விற்கிறார்கள். கார்டில் கேம் கிடையாது, முதல் முறை முழுதும் டவுன்லோட் செய்ய வேண்டும், அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் கார்டைச் செருகினால்தான் ஆட முடியும். மறுபடி விற்கலாம் என்பது உண்மை, அது நல்லதுதான். ஆனால் நின்டெண்டோ டவுன்லோடை நிறுத்தும் நாளில் அது பிளாஸ்டிக். தங்கள் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூவின் இணையக் கடைகளை 2023 மார்ச்சில் மூடியவர்கள்தான் இவர்கள். இன்னும் மறு டவுன்லோடு கிடைக்கிறது, எத்தனை வருஷத்துக்கு என்ற உத்தரவாதம் கிடையாது. பெட்டியின் முன்பக்கம் கீழே பட்டையாக "கேம்-கீ கார்டு" என்று போட்டிருப்பார்கள், பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

தம்பிக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். கன்சோல் டிஸ்க் கைக்கு வந்ததும் முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். அந்த கேம் ஏற்கனவே இன்ஸ்டால் ஆகியிருந்தால் அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஏற்கனவே இறங்கிய பேட்ச் (நெட்டில் வரும் திருத்தம்) உள்ளேயே கிடந்து ஏமாற்றும். பிறகு டிஸ்க்கிலிருந்து மட்டும் இன்ஸ்டால் செய்து ஆடிப் பார்க்க வேண்டும். மெனு வந்துவிட்டது என்று திருப்தியாகி நிறுத்தக் கூடாது. சில கேம்கள் மெனுவரை விட்டுவிட்டு "அப்டேட் தேவை" என்று நிற்கும். டோனி ஹாக்'ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5-இல் டிஸ்க்கில் பயிற்சிப் பகுதி மாதிரியான கொஞ்சம் மட்டும் இருந்தது, மீதி பேட்ச்சில்தான் வந்தது. ஆகவே ஒரு மணி நேரமாவது ஆடி, சேவ் செய்து, மூடித் திறந்து பார்க்க வேண்டும். டஸ் இட் ப்ளே என்ற ஆர்வலர் குழு இதைக் கேம் கேமாகச் செய்து பட்டியல் போடுகிறது, வாங்கும் முன்பே தேடலாம்.

ஸ்டீமில் வாங்கினால் இன்ஸ்டால் செய்ததும் ஸ்டீமை முழுதாக மூடி, நெட்டைத் துண்டித்து, கேம் ஃபோல்டரிலுள்ள எக்ஸ்இ (.exe) கோப்பை நேராக இரட்டைக் கிளிக் செய்யுங்கள். ஓடினால் அந்த ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட்டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். ஸ்டீமைத் திறக்கச் சொன்னால் அது பூட்டிய கேம். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் கீழ் என்றால் காசு திரும்ப வரும், இந்தச் சோதனைக்கு அது தாராளம். ஸ்டீமின் சொந்த பேக்கப் வசதியை நம்பி உட்காராதீர்கள், அதை மீட்கவும் லாகின் வேண்டும்.

ஜிஓஜி என்ற இணைய கேம் கடையில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கொடுக்கிறார்கள். ஒரு எக்ஸ்இ, பெரிய கேமாக இருந்தால் கூடவே பல .bin கோப்புகள். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒரு .bin கோப்பு விட்டுப்போனாலும் பாதியில் இன்ஸ்டால் உடையும். டிஎல்சி எனும் கூடுதல் பகுதிகளுக்கு இன்ஸ்டாலர் தனி, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இறக்கியதும் ஒரு தடவை இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டு இரண்டு டிரைவில் வையுங்கள். இது டவுன்லோட்தான். ஆனால் தி க்ரூ டிஸ்க்கைவிட ஆயிரம் மடங்கு உங்களுடையது.

கலிஃபோர்னியா சட்டமே கோட்டை இங்கேதான் போட்டிருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து டிஜிட்டல் பொருளை "வாங்கு" என்று விற்பவர் அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விற்ற பிறகு பறிக்க முடியாதபடி, நிரந்தர ஆஃப்லைன் டவுன்லோடாகக் கொடுப்பவருக்கு விலக்கு உண்டு.

இதற்குள் "டவுன்லோட்தானே மலிவு" என்று கீழே எழுதத் தொடங்கியிருப்பீர்கள். மலிவுதான், வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? "டிஸ்க்கை ஆடி முடித்து விற்கலாம்" என்பதும் நியாயம். 4,999 ரூபாய் கொடுத்து பிஎஸ்5 கேம் வாங்கும் மாணவனுக்கு அதில் பாதி திரும்ப வந்தாலும் பெரிய காசு.

ஆனால் "பத்து வருஷப் பழைய கேமுக்கு எவ்வளவு காலம்தான் சர்வர் ஓட்டுவார்கள்?" என்று கேட்பவர்களிடம் கோபம் வருகிறது. காலத்துக்கும் ஓட்டச் சொல்லி யார் கேட்டார்கள்? யூடியூபர் ராஸ் ஸ்காட் 2024-ல் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் கேட்பது, கடையைச் சாத்தும்போது கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான். ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். அத்தனை பேரையும் பழைய கேமைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் என்று நம் குழுவிலேயே ஒருவர் எழுதியதைப் படித்தபோது வலித்தது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. யாரோ சிலர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததும் இசையமைத்ததும் இப்படிக் காணாமல் போகிறது. அதைப் பற்றிக் கவலைப்பட்டால் கேலியா?

ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் கோரிக்கைக்கு கேம் கம்பெனிகளின் ஐரோப்பியச் சங்கம் சொல்லும் பதில், ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் நடத்தினால் தகவல் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது. சரி, தனியாளாக ஆடும் பகுதியில் யாருடைய தகவல் கசியும்? முடியாது என்பதும் பொய். எதிர்ப்பு கிளம்பிய பிறகு தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் முறை தருவதாக யூபிசாஃப்டே 2024 செப்டம்பரில் அறிவித்தது, அடுத்த வருஷம் கொடுத்தது. கைவிட்ட முதல் கேமையோ ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து சர்வரின் வேலையைச் செய்யும் மென்பொருளைத் தாங்களே எழுதி 2025 செப்டம்பரில் மறுபடி ஓடவைத்தார்கள். காசு வாங்கிய கம்பெனி செய்யவேண்டிய வேலை அது.