6 மா, 6 ஏக்கரான கதை

மன்னார்குடி பக்கத்தில் ஒரு விவசாயிகள் குழுவுக்கு நானும் நண்பனும் சேர்ந்து சின்னதாக ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். விதை இருப்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு தேவை, அறுவடை மெஷின் எந்தத் தேதியில் யார் வயலுக்கு, இவ்வளவுதான். போன சம்பாவுக்கு முன்னால் அதோடு ஒரு ஏஐ ஏஜென்ட்டை இணைத்தோம். விவசாயி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். ஏஜென்ட் அதைப் புரிந்துகொண்டு எங்கள் கருவிகளை, அதாவது மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் எழுதிவைத்த சின்னச் சின்ன நிரல்களை, இயக்கிப் பதிவு போட்டுவிடும்.

ஒரு பெரியவர் "ஆறு மாவுக்கு விதை வேணும் தம்பி" என்று அனுப்பியிருந்தார். ஏஜென்ட் 6 என்று போட்டது. எங்கள் கருவி கணக்குப் போடுவதோ ஏக்கரில். நம் பக்கம் 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். 3 மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். ஆக, 2 ஏக்கர்காரருக்கு 6 ஏக்கர் விதை ஒதுக்கியாகிவிட்டது. அவர் எடுத்துப்போக வந்து, அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்து, "இவ்வளவையும் எங்க தம்பி விடுறது?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குள் பின்னால் பதிந்த இரண்டு பேருக்கு "விதை இருப்பு இல்லை" என்று பதில் போயிருந்தது. நாற்றங்கால் விடவேண்டிய நேரத்தில் அப்படி ஒரு பதில் வந்தால் ஒரு விவசாயிக்கு எப்படி இருக்கும்?

ஏஐயை நம்பினால் இப்படித்தான் என்றார்கள். நான் அன்று இரவு கருவியின் விளக்கத்தைத் திறந்து பார்த்தேன். "விதை அளவைத் தரும்." உள்ளீடு: "பரப்பு, எண்." அவ்வளவுதான் எழுதியிருந்தோம். ஏக்கர் என்ற சொல்லே எங்கும் இல்லை. அது எங்கள் இரண்டு பேர் மனதில் மட்டும் இருந்தது.

ஏஜென்ட்டுக்கு நம் கோடு, அதாவது நாம் எழுதிய நிரல், தெரியாது. கருவியின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல், இந்த மூன்றைத்தான் பார்க்கிறது. ஏஐ வெளிக் கருவிகளை அழைப்பதற்காக 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ கொண்டுவந்த ஃபங்ஷன் காலிங்கிலும் இதே ஏற்பாடுதான், ஏஐயையும் கருவிகளையும் இணைக்கும் பொது முறையாக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபியிலும் இதே ஏற்பாடுதான். மனிதன் என்றால் பக்கத்து சீட்டில் கேட்பான், இல்லாவிட்டால் போன் போடுவான். ஏஜென்ட் பெரும்பாலும் ஒரு ஊகத்தை வைத்து மேலே போய்விடும்.

அப்பா ஊருக்குப் போகும்போது, தண்ணீர் பாய்ச்ச வெளியூரிலிருந்து வந்த புது ஆளிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தை மாதம், கதிர் முற்றிக்கொண்டிருந்த நேரம். "வாய்க்கால்ல மூணாவது மடை நம்மது. சாயங்காலம் தொறந்து, விடியறதுக்குள்ள அடைச்சுடு. கால் நனையற அளவு போதும். கீழ் வயல்ல உளுந்து தெளிச்சிருக்காங்க, தண்ணி அங்க எறங்குனா வெதை அழுகிப்போயிரும்." எது, எப்போது, எவ்வளவு, தவறினால் யாருக்கு நஷ்டம், எல்லாம் அதில் இருந்தது. பழைய ஆளாக இருந்தால் "மடையைப் பாத்துக்க" என்றாலே போதும். நாம் எழுதும் டாக்குமென்டேஷன் பெரும்பாலும் பழைய ஆளுக்கு எழுதியதுதான். ஏஜென்ட்டோ ஒவ்வொரு முறையும் புது ஆள்.

மறுநாள் விளக்கத்தை மாற்றினேன்: "ஒரு விவசாயிக்கு வேண்டிய நெல் விதையைக் கிலோவில் கணக்கிடும். பரப்பு ஏக்கரில் மட்டும். விவசாயி மா என்று சொன்னால் 3 ஆல் வகுக்கவும், வேலி என்றால் 6.6 ஆல் பெருக்கவும். எந்த அளவு என்று சொல்லாவிட்டால் ஊகிக்காமல் அவரிடமே கேட்கவும். இது கணக்கு மட்டுமே போடும், விதையை ஒதுக்காது." எழுத அரைமணி நேரம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தவறு வரவில்லை.

ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடல் வளர வளர தானே புரிந்துகொள்ளும், இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம் என்கிறார்கள் சில நண்பர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மா என்றால் என்ன என்று மாடலுக்கு இன்றைக்கே தெரியும், கேட்டால் சரியாகச் சொல்லும். ஆனால் என் கருவி ஏக்கரை எதிர்பார்க்கிறதா, ஹெக்டேரையா என்பது நான் எழுதினால் ஒழிய உலகத்தில் எந்த மாடலுக்கும் தெரிய வழியில்லை. அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் கூடாது, மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவுக்கு ஒரு வரம்பு உண்டு, எல்லாம் அந்த இடத்தை அடைக்கும்.

யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் கையேடு முதன்முதலில் 1971 நவம்பரில் வந்தபோதே, ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே 'குறைகள்' என்று ஒரு பகுதி வைத்தார்கள். இந்தக் கருவி எதைச் சரியாகச் செய்யாது என்று செய்தவர்களே எழுதினார்கள். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு ஏஜென்ட்டுக்கு அதுதான் மிக அவசியம்.

பிழைச் செய்தியும் இதில் சேர்த்திதான். "எரர் 400" என்று, எது தவறு என்றே சொல்லாமல் வந்தால் ஏஜென்ட் அதே தவறை மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. "தேதியை நாள்-மாதம்-ஆண்டு வரிசையில் தரவும்" என்று வந்தால் அடுத்த முறையே திருத்திக்கொள்கிறது.

அப்புறம், உண்மையிலேயே எஸ்எம்எஸ் அனுப்பும் கருவி, பதிவை அழிக்கும் கருவி இருந்தால் விளக்கத்தின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். படிக்க மட்டும், அழிக்கக்கூடியது என்று குறித்துவைக்க எம்சிபியில் இடம் இருக்கிறது. ஆனால் அது பூட்டு இல்லை, குறிப்புதான். ஒப்புதல் கேட்பதை நம் கோடில்தான் வைக்கவேண்டும்.

எங்களிடம் இன்னும் ஒரு கருவி பாக்கி, அறுவடைக் கணக்கு. அதில் 'மூட்டை' என்று ஒரு உள்ளீடு. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். வியாபாரியிடம் போட்டால் மூட்டைக் கணக்கே வேறு. எங்கள் குழுவில் யார் எந்த மூட்டையை நினைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் அந்த வரியை எழுதப்போகிறேன்.