விபூதி மேடு, மீசை பள்ளம்

நம்ம திருநெல்வேலிப் பக்கம் கும்பாபிஷேகம், பள்ளிக்கூட நூற்றாண்டு விழா என்று எது வந்தாலும் நினைவுப் பதக்கம் அடிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பலவற்றைக் கையில் வாங்கியதுமே சிற்பி கை படாதது என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை மென்பொருளில் போடுகிறார்கள். அது வெளிச்சத்தை உயரமாகவும் இருட்டைப் பள்ளமாகவும் கணக்குப் பண்ணும். விளைவு, நெற்றி விபூதி வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், மீசை குழியாகிவிடும், வெள்ளைச் சட்டை முகத்தை முந்திக்கொண்டு வரும்.

கம்ப்யூட்டர் மேல் குறையில்லை. திரையிலேயே களிமண் மாதிரி வனைகிற சிற்பிகள் உண்டு. எது எவ்வளவு உயரம் என்பதை ஆள் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பத்து ரூபாய்க் காசின் விட்டம் 27 மி.மீ. அதில் உருவம் எழும்புவது ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி. காது, கன்னம், மூக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டு முகம் என்றால் மூக்கு ஓரக்கோட்டிலேயே படுத்துவிடும். நேர்முகத்தில் மூக்குதான் உச்சம். காசின் விளிம்பு உயரத்தைத் தாண்டினால் முதலில் தேய்வதும் அதுதான். "அண்ணாச்சி, மூக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்" என்பவர்கள் பின்பக்கத்தை யோசிப்பதில்லை. முன்னால் மேடு இருக்கும் இடத்துக்கு நேர் பின்னாலும் மேடு வைத்தால் உலோகம் இரண்டு பக்கமும் பாயப் போதாது. இரண்டுமே மொழுக்கென்று வரும்.

பழைய முறையில் ஓரடி அகலத்துக்குள் பிளாஸ்டரில் மாதிரி உருவம் செய்து, மேடு பள்ளமாக மாறிய அதன் எதிர்வார்ப்பில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டி, மறுபடி வார்த்து, சுருக்கும் இயந்திரத்தில் எஃகுக்கு இறக்குவார்கள். எந்த ஓரமும் உள்வாங்கக் கூடாது. சரிவு இல்லையென்றால் காசு டையை, அதாவது அடிக்கிற எஃகு அச்சை, விட்டுக் கழன்று வராது. ஆழமான பதக்கத்தை ஒரே அடியில் எடுக்க முடியாது. அடித்து, உலையில் காய்ச்சி இளக்கி, திரும்ப அடிக்க வேண்டும். காய்ச்சாமல் அவசரப்பட்டால் இறுகிய உலோகம் டையையே விரிசல் விட வைத்துவிடும்.

தமிழ் எழுத்து இன்னும் வம்பு. காசில் மேடாக வரும் புள்ளி, டையில் ஊசிமுனைக் குழி. எண்ணெயும் தூசியும் அடைத்தால் புள்ளியே விழாது. ண, ஞ சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் டையில் மெல்லிய எஃகுத் தூண். அது ஒடிந்தால் சுழி கட்டியாகிவிடும். அதனால் புள்ளியைப் பெரிதாக்கி, சுழியை அகட்டி, சரிகிற பக்கத்தைத் தடித்து எழுத வேண்டும். கம்ப்யூட்டர் எழுத்துருவை அப்படியே இறக்குவது சோம்பேறித்தனம். 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய்க் காசு கிடைத்தால் அவருடைய தமிழ்க் கையெழுத்தை லென்ஸில் பாருங்கள்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் கிருஷ்ணாபுரத்துத் தூண்களைவிடக் கழுகுமலைச் சமணச் சிற்பங்களைப் பார்ப்பது நல்லது. பாறையோடு ஒட்டிய புடைப்பு. சாய்வெயிலில் எவ்வளவு குறைந்த உயரம் எவ்வளவு பேசுகிறது என்று தெரியும். காசுமாலைக்கு அச்சு வெட்டுகிற ஆசாரிகளிடம் ஆறு மாதம் உட்காருங்கள். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நாணயச் சாலைகள் நாலுதான். சிற்பம் படித்த பி.எஃப்.ஏ. (நுண்கலை) பட்டதாரிகளுக்கு எங்கிரேவர், அதாவது அச்சு செதுக்குகிற வேலை உண்டு, இடங்கள் சொற்பம். சோறு பெரும்பாலும் பதக்க ஆர்டரில்தான்.

அதனால் விழாக் கமிட்டிக்காரர்களே, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் பக்கவாட்டுப் போட்டோ கொடுங்கள். டை வெட்டுவதற்கு முன் பிளாஸ்டர் மாதிரியைக் கேளுங்கள். பக்கத்தில் ஒற்றை விளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள். எஃகில் வெட்டிய பிறகு மூக்கைக் கூட்டுங்கள், குறையுங்கள் என்றால் டைக்கு இன்னொரு தடவை காசு கொடுக்க வேண்டிவரும்.