பஸ் கட்டணம் குறைந்தால் பஸ் வருமா?

இலங்கையில் வருடா வருடம் பஸ் கட்டணத்தைத் திருத்தும் ஜூலை 1 நெருங்கினால் போதும், அது கூடுமா குறையுமா என்றுதான் எங்கும் பேச்சு. 2022 ஜூலையில் ஆகக்குறைந்த கட்டணம் 40 ரூபாய்க்குப் போனது யாருக்கும் மறக்காது. பிறகு டீசல் இறங்க இறங்க அதுவும் இறங்கி, 2025இல் 27 ரூபாயாக நின்றது. ஆனால் 30 ரூபாய் நீட்டினால், "சில்லறை இல்ல அக்கா, மறுகா தாறன்" என்பார் கண்டக்டர். கொழும்பில் தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டுக் குறைத்தாலும், எங்கள் கையை விட்டுப் போவது 30தான்.

கணக்கு பிழை என்று சொல்லமாட்டேன். தேசிய போக்குவரத்து ஆணைக்குழு 2002 முதல் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. டீசல், டயர், எஞ்சின் ஒயில், திருத்த வேலை, சம்பளம் என்று 12 செலவுகளைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றுவார்கள். அரசியல்வாதி நினைத்தபடி விலை வைப்பதை விட இது எவ்வளவோ மேல்.

பிரச்சினை, நாடு முழுக்கக் கட்டண அட்டவணை ஒன்றே ஒன்றுதான் என்பது. கொழும்பில் மிதிபலகை வரை சனம் தொங்கும் பஸ்ஸுக்கும், எங்கள் மட்டக்களப்பில் மண்முனைப் பாலம் தாண்டி மத்தியானத்தில் ஐந்தாறு பேரோடு கொக்கட்டிச்சோலைக்குப் போகும் பஸ்ஸுக்கும் ஒரே காசு. பிறகு தனியார் பஸ்காரர் ஏன் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கு வரப்போகிறார்? ஆள் கிடைக்கும் கல்முனை வீதியில்தான் ஓடுவார். அங்கேயும் சாரதிக்கும் கண்டக்டருக்கும் அன்றைய வசூலில் இருந்துதான் கூலி. அதனால் காத்தான்குடியில் ஆள் சேரும் வரை அசையமாட்டார்கள். பின்னால் அடுத்த பஸ் தெரிந்ததும் பறப்பார்கள். எனக்கும் கோபம் வரும், ஆனால் அவர்களை ஏசி வேலையில்லை.

படுவான்கரைக்கு அரசின் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்தான் கதி. அதுவும் வராத நாளில் ஓட்டோ. கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணித் தாய்க்கு பஸ்ஸில் ஒரு ரூபாய் குறைந்து என்ன, கூடி என்ன? ஒரு தடவை ஓட்டோ பிடித்தால் வருடம் முழுக்க மிச்சம் பிடித்ததும் போய்விடும்.

அங்கே கட்டணத்தைக் கூட்டு என்று நான் சொல்லவில்லை. சிசு செரிய என்ற பாடசாலை பஸ்ஸில் மாணவர்கள் குறைந்த காசு கொடுக்க, மிச்சத்தை அரசு கொடுக்கிறதுதானே? அதேபோல ஆள் குறைந்த பாதையில் ஓடும் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கொடுக்கட்டும், ஆனால் நேரத்துக்கு ஓடியிருந்தால் மட்டும். மாகாணத்துக்குள் வழி அனுமதி கொடுப்பது நமது கிழக்கு மாகாணத்தின் போக்குவரத்து அதிகார சபைதான். கல்முனை வீதிக்கு அனுமதி கேட்டு வருபவரிடம், படுவான்கரைக்கும் தினம் இரண்டு ஓட்டம் ஓடு என்று நிபந்தனை போட அதற்கு என்ன தடை?