அம்மாவுக்கு எதற்கு ஆந்திரா பேட்ஜ்?

அந்தப் போட்டோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குடியரசு தினத்தன்று எங்கள் குடியிருப்பில் நடந்த 'வேற்றுமையில் ஒற்றுமை' விழாவில் எடுத்தது. இதுவரை முப்பது நாற்பது பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள், பாதிப் பேர் சிரிக்கிற பொம்மையோடு. மஞ்சள் புடவை, கையில் ஒரு கிண்ணம், தோள்பக்கம் வட்டமாக ஒரு பேட்ஜ், அதில் 'ஆந்திரப் பிரதேசம்'. கீழே 'எங்கள் கியூட் ஆந்திரா பாட்டி' என்று எழுதி மூன்று இதயம் வேறு.

அந்தப் பாட்டி என் அம்மா. அம்மா ஆந்திரா இல்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வேலை இருக்கிறவர்கள் இத்தோடு போகலாம்.

அம்மா 1950ல் வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தாள். அப்போது அது சேலம் மாவட்டம், சென்னை மாகாணம். 1965 அக்டோபர் 2ம் தேதி தருமபுரி தனி மாவட்டம் ஆனது. 1969ல் மாநிலத்துக்கே தமிழ்நாடு என்று பெயர் வந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டம் இரண்டு தடவை மாறியிருக்கிறது, மாநிலத்தின் பெயர் ஒரு தடவை மாறியிருக்கிறது, அம்மா மட்டும் அதே கிணற்றடியில் அதே குடத்தோடு நின்றிருந்தாள். அப்பா போன பிறகுதான் ஓசூருக்கு என்னோடு வந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய இடப்பெயர்ச்சி அதுதான், வேப்பனப்பள்ளி டு ஓசூர்.

ஆந்திராவுக்கு அவள் போனதே இல்லையா என்றால், போயிருக்கிறாள். திருப்பதிக்கு நாலு முறை. அந்தக் கணக்கில் பார்த்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு ஆந்திரா பேட்ஜ் குத்த வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் இருக்கிற குப்பம் ஊருக்குப் போவதை எங்கள் பக்கத்தில் யாரும் வெளிமாநிலப் பயணம் என்று சொல்வதில்லை. அங்கே அம்மாவின் சின்ன அக்காவைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆந்திரம் தனி மாநிலமானது 1953ல். அம்மா பிறந்து மூன்று வருடம் கழித்து. அவளைவிடச் சின்ன வயசு மாநிலத்தின் பெயரை எடுத்து அவள் தோளில் குத்தியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் வந்தது. 'தாய்மொழி' என்ற இடத்தில் என் மனைவி தெலுங்கு என்று நிரப்பிவிட்டாள். பொய்யில்லை, வீட்டில் அதுதான் பேசுகிறோம். அதை வைத்து எங்களை ஆந்திரா ஸ்டாலில் போட்டுவிட்டார்கள். பொறுப்பெடுத்த தம்பி போன் செய்து, "ஆன்ட்டி, கோங்கூரா, ஆவக்காய் இந்த மாதிரி ஏதாவது கொண்டு வந்துடுங்க" என்று சொன்னார். அம்மாவுக்கு ஒரே குஷி. எழுபத்தைந்து வயதில் ஒரு விழாவுக்குச் சமைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், சும்மா இருப்பாளா? கோங்கூரா என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். புளிச்ச கீரைதாம்மா என்றேன். "அதைப் போயா விழாவுக்கு?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, ராத்திரியே அவரைக்கொட்டையை ஊற வைத்தாள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: தை மாதத்தில் பனி குடித்த அவரைக்கு ஒரு வாசனை உண்டு. கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிதுக்கினால் தோல் கையோடு வந்துவிடும், பருப்பு எகிறிப் போய் விழும். அதில் வைப்பதுதான் பிதுக்கம்பருப்புக் குழம்பு. ராகிக் களிக்கு அதைப் போல ஜோடி கிடையாது. ஒரு படி கொட்டையைப் பிதுக்கி முடிக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போகும். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தனியாக உட்கார்ந்து பிதுக்கினாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள்.

குண்டான் நிறையக் குழம்பு, களி உருண்டை இருபது. எடுத்துக்கொண்டு போனால் அந்தத் தம்பி தலையைச் சொறிகிறார். "ஆன்ட்டி, இது கர்நாடகா ஐட்டம் ஆச்சே. அவங்க ராகி முத்தே வெச்சிருக்காங்க. ரிப்பீட் ஆகுது." குண்டான் கர்நாடகாவுக்குப் போனது. அம்மா ஆந்திராவுக்குப் போனாள். போட்டோவில் அவள் கையில் இருக்கிறதே கிண்ணம், அதில் இருப்பது பக்கத்துக் கடையில் வாங்கிய பாட்டில் ஆவக்காய்.

சரி, தமிழ்நாடு ஸ்டாலில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, காஞ்சிப் பட்டு, செட்டிநாட்டு முறுக்கு, ஃபில்டர் காபி. எல்லாம் நல்ல பொருள்தான், எனக்கு ஒன்றும் பகையில்லை. அதியமான் ஆண்ட சீமையில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு போடுகிற தமிழ்நாடு ஸ்டாலில் இந்த மாவட்டத்துப் பண்டம் ஒன்றுகூட இல்லை. ஒரு மாங்காய்த் துண்டுகூட இல்லை. ஜனவரியில் மாங்காய் ஏது என்பீர்கள். மாங்கூழ் டப்பாவாவது வைத்திருக்கலாம், ஜில்லா முழுக்க அந்தத் தொழிற்சாலைதானே.

மூன்றாவது மாடியில் இருப்பவர் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரர். நாலு தலைமுறையாக அங்கே கடை வைத்த குடும்பம், வீட்டில் உருது. அவரை 'ஹைதராபாத்' என்று போட்டுவிட்டார்கள். அவர் என்னைப் போல முகநூலில் புலம்புகிறவர் இல்லை. பிரியாணி அண்டாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சார், நான் ஹைதராபாத் பார்த்ததே இல்ல" என்றார். இன்னொன்று. ஒடிசா என்று ஒரு ஸ்டால். அதில் நின்ற பையனுக்குச் சொந்த ஊர் ஈரோடு, இணையத்தில் பார்த்துத் துணி கட்டியிருந்தான். எங்கள் கேட்டில் நிற்கிற காவலாளி நிஜமாகவே ஒடிசாக்காரர். அவர் அன்றைக்கும் கேட்டில்தான் நின்றார், வந்த வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டு. இதற்கு மேல் நான் என்ன எழுத?

"ஏங்க, குழந்தைகள் சந்தோஷமா கொண்டாடின ஒரு விழா. இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே?" என்று நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார். பெரிசு பண்ணத்தான் போகிறேன். குழந்தைகள் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டார்கள்? தெலுங்கு பேசினால் ஆந்திரா, கன்னடம் பேசினால் கர்நாடகா, உருது பேசினால் ஹைதராபாத். எல்லாரும் எங்கிருந்தோ வந்த விருந்தாளிகள், நாம் பெருந்தன்மையாக இடம் கொடுத்திருக்கிறோம். கிருஷ்ணகிரியில் பிறந்த பிள்ளைக்கு கிருஷ்ணகிரியைப் பற்றி இதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

"அப்போ வேற எப்படித்தான் நடத்தறது, மொழிவாரியாப் பிரிச்சாத்தானே ஸ்டால் போட முடியும்?" இது நியாயமான கேள்விதான். எனக்குத் தெரியவில்லை. நான் விழா நடத்துகிறவன் இல்லை, சிப்காட்டில் கணக்கு எழுதுகிறவன். ஸ்டாலே போடாமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் குறைந்தபட்சம் அந்தக் களியாவது ஆறாமல் இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் மகாபாரதக் கூத்து பதினெட்டு நாள் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் துரியோதனன் படுகளம். மண்ணாலேயே மல்லாக்கப் படுத்த மாதிரி அவ்வளவு பெரிய உருவம் செய்வார்கள். தொடைப் பக்கம் நாங்கள் பொடிசுகள் ஏறி உட்கார்ந்து அடி வாங்குவோம். கூத்து தமிழில். பார்க்கிற கிழவிகளில் பாதிப் பேருக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. நடு ராத்திரி இரண்டு மணிக்கு வரிசையாகத் தூங்கி விழுவார்கள். கூத்துக் கோமாளி கட்டியக்காரன் அதைப் பார்த்துவிட்டு, துரியோதனன் முழங்குகிற நேரத்தில் குறுக்கே புகுந்து, சுத்தமான எங்கள் ஊர்த் தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை ஜோக் அடிப்பான். என் அவ்வா, அதாவது பாட்டி, திடுக்கென்று எழுந்து, வெற்றிலை எச்சிலோடு சிரித்து, அவனைத் திட்டி, மறுபடி தமிழ்ப் பாட்டைக் கேட்க உட்காருவாள். அந்தக் கட்டியக்காரனிடம் யாரும் எந்த மாநிலம் என்று கேட்டதில்லை. எருது விடும் விழாவிலும் அப்படித்தான். மைக்கில் ஒரு அறிவிப்பு மூன்று பாஷையில் வரும், மாடு முட்டாமல் இருக்க வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக.

இந்த இடத்தில் ஒரு நண்பர் வருவார் என்று தெரியும். "உங்க ஊர்க் கூத்தில் காலனிக்காரங்க எங்கே உட்கார்ந்தாங்க?" என்று கேட்பார். தள்ளித்தான். பந்தக்காலுக்கு அந்தப் பக்கம். நான் அதை மறைக்கவில்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் அடுத்ததற்குப் போகிறேன்.

அன்றைக்கு ஆந்திரா ஸ்டாலில் விஜயவாடாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருந்தது. நல்லவர்கள். அம்மா ஆசையாகப் போய்ப் பேசியிருக்கிறாள். அந்தப் பெண் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "மீதி ஏ ஊரு?" என்றாளாம், உங்களுக்கு எந்த ஊர் என்று. வேப்பனப்பள்ளி என்று சொன்னதற்கு, "ஓ, அதான் தமிழ் மாதிரி இருக்கு" என்று சிரித்தாளாம். அம்மா பேச்சை அதோடு நிறுத்திவிட்டாள். கவனியுங்கள், தமிழ்நாடு ஸ்டாலில் இடமில்லை என்று ஆந்திராவுக்கு அனுப்பினார்கள். ஆந்திராவிலும் அவள் தெலுங்கு செல்லவில்லை. எங்கள் தெலுங்குக்குள் பாதி தமிழ், தமிழுக்குள் பாதி தெலுங்கு. ரெண்டும் சுத்தமில்லை. சுத்தமாகப் பேசுகிறவர்களுக்குத்தான் ஸ்டால்.

எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று யோசித்தேன். ஆறாம் வகுப்பில் கிருஷ்ணகிரிக்குப் படிக்க வந்தபோது என் பெயர் கொல்டி, தெலுங்கு பேசுகிறவர்களைக் கிண்டல் செய்கிற பெயர். பெஞ்சில் எழுதி வைத்திருப்பார்கள். வாத்தியார் ஒருவரே கூப்பிட்டிருக்கிறார், செல்லமாகத்தான். அதற்குப் பயந்தே நான் தெலுங்கு எழுத்தைக் கற்கவில்லை. பேச மட்டும் தெரியும், பஸ் போர்டுகூடப் படிக்கத் தெரியாது. அம்மா இதே மாவட்டத்து அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை தெலுங்கில் படித்தவள், எனக்குப் படித்துக் காட்டுவாள். பள்ளியில் தமிழ்ப் பரீட்சையில் நான்தான் முதல் மதிப்பெண். அதை யாருக்குக் காட்ட அப்படி விழுந்து விழுந்து படித்தேன் என்று இப்போது புரிகிறது.

இதே முகநூலில் எங்களுக்கு இன்னொரு பெயர் உண்டு, வந்தேறி. தேர்தல் வந்தால் தினமும் கேட்கலாம். அதை எழுதுகிறவனை நான் பிளாக் செய்துவிடுவேன், பிரச்சினை இல்லை. இந்தப் பேட்ஜும் அதையேதான் சொல்கிறது, கொஞ்சம் பூ ஒட்டி, மூன்று இதயம் போட்டு, மேடையில் ஏற்றிக் கைதட்டி. இதை யாரை பிளாக் செய்வது?

"அப்போ நீங்க தமிழர்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" சொல்கிறேன். கூடவே என் வீட்டுத் தெலுங்கையும் வைத்துக்கொண்டுதான் சொல்வேன். இரண்டில் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு வா என்று சொல்ல நீங்கள் யார்? அரசாங்கமே தெலுங்கு வருடப் பிறப்புக்கு லீவு விடுகிறது. அன்றைக்கு வேப்பம்பூ, மாங்காய், வெல்லம் போட்டு ஒரு பச்சடி. சித்திரை ஒன்றுக்கும் அதே வேப்பம்பூ, அதே மாங்காய், அதே வெல்லம். அம்மா இரண்டுக்கும் செய்வாள், சில வருடம் இரண்டு வாரம்கூட இடைவெளி இருக்காது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது வேற்றுமை என்றும் தெரியாது, ஒற்றுமை என்றும் தெரியாது.

அந்தத் தம்பியைத் திட்டி யாரும் எழுத வேண்டாம். கொரோனா சமயத்தில் எங்கள் பிளாக்கில் முக்கால்வாசிப் பேருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர் அவர். என் கோபம் அவர் மேல் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. சங்கத்தில் கேட்டதற்கு, "உகாதிக்கு உங்க மதரையே சீஃப் கெஸ்டா வெச்சிடலாம் சார், ஆந்திரா கல்ச்சர் பத்தி ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்கிறார்கள். நான் பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் போட்டோவை மட்டும் தயவுசெய்து இனி யாரும் பகிர வேண்டாம். போன தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தோம், இப்போது எல்லாம் பார்க்கிறாள். நேற்று ராத்திரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பேட்ஜ் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அன்னிக்குப் பின்னு கொஞ்சம் குத்துச்சு" என்றாள். அப்புறம், கர்நாடகா ஸ்டாலுக்குப் போன குண்டான் திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடியில் அப்பா பெயர் வெட்டியிருக்கும்.